திரையில் தெரியாத திருமேனி

ஒரு காட்டில், ஓடையின் வடகரையில், ஒரு கலைக்கல்லூரி இருந்தது. சிங்கம்தான் அதன் முதல்வர். அவர் அறைக்கு முன்னால், ஒரு வகுப்பறையின் ஜன்னலை ஒட்டி, ஒரு தொட்டியும், அதில் அவர் ஆசையாக வளர்த்த தங்கமீன்களும் இருந்தன. மாணவர்களைப் பற்றி யாராவது விசாரித்தால் முதல்வர் யோசித்துப் பதில் சொல்வார். மீன்களைப் பற்றி விசாரித்தால் யோசிக்காமல் சொல்வார்.

கொஞ்ச நாட்களாக அந்த மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. நீர்நாய் ஒருவன் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்தான். அவன்மேல் சந்தேகப்பட்டு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் மீன்கள் குறைந்தன.

அது இருக்கட்டும். அந்தக் கல்லூரியின் ஊடகவியல் வகுப்பில் திருமேனி என்ற பச்சோந்தி படித்தான். ஒரு நாள்கூட மட்டம் போடாதவன். மழையிலும் வந்தான், வெயிலிலும் வந்தான், தீபாவளிக்கு மறுநாள் வேறு யாருமே வராதபோதும் வந்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு குறை. பயந்துவிட்டால், பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் நிறத்துக்குப் போய்விடுவான். வேண்டுமென்றே செய்வதில்லை. சிலருக்கு உள்ளங்கை வியர்ப்பதைப் போலத்தான் அது. பேராசிரியரைக் கண்டால் அவனுக்குப் பயம். ஆகவே மணி அடித்ததும் பெஞ்சின் நிறத்துக்குப் போய்விடுவான்.

பேராசிரியர் ஞானசிகாமணி ஒரு நாரை. ஒற்றைக் காலில் நின்றே முழுப் பாடத்தையும் நடத்தி முடிப்பார். முதலில் பெயர் கூப்பிடுவார்.

"திருமேனி!"

"உள்ளேன் ஐயா!" என்று காலி பெஞ்சிலிருந்து குரல் வரும்.

உடனே பேராசிரியரின் கழுத்து அடுத்த பெஞ்சுப் பக்கம் திரும்பும். அங்கே பிலோமினா என்ற மைனா உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு எல்லார் குரலிலும் பேச வரும். அதனால் அவள் பேசாத குரலும் அவள் தலையில்தான் விழும்.

"வராதவனுக்குக் குரல் கொடுக்கிறியா? வெளியே போ!"

"சத்தியமா நான் இல்ல சார்!"

"இப்ப யார் குரல்ல சத்தியம் பண்றே? போ வெளியே!"

ஆண்டு முடியப்போகும்போதுதான் விஷயம் பெரிதாயிற்று. நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லாதவர்கள் தேர்வு எழுத முடியாது. திருமேனிக்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அவன் பதறிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடினான்.

"சார், நான் தினமும் வந்தேன் சார்!"

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். கதவுதான் தெரிந்தது.

"நீ வந்திருப்பேப்பா, நான் இல்லேன்னு சொல்லலை" என்றார் கதவிடம். "ஆனா கண்ணால பார்க்காம எப்படிப் போடறது? எல்லாரும் குறும்படம் எடுக்கப்போறீங்க இல்லையா, அதுல நீ கதாநாயகனா நடி. திரையில உன்னை ஒரே ஒரு தடவை பார்த்துட்டேன்னா, வருஷம் பூரா வந்ததா வச்சுக்கறேன். பார்க்கலைன்னா அடுத்த வருஷம் முதல்லேர்ந்து ஆரம்பி."

திருமேனி நேராக விசாலாட்சியிடம் போனான். அவள் ஒரு தேவாங்கு. கண் பெரியதாக இருந்ததால் ஒளிப்பதிவுக்குப் பிறந்தவள் என்று வகுப்பே அவளைப் பற்றிச் சொல்லும். படத்தின் இயக்கமும் அவளே. ஒலிப்பதிவுக்குப் பிலோமினாவைக் கேட்டார்கள்.

"இவனாலே வருஷம் பூரா வராந்தாவுல நின்னிருக்கேன். இவன் படத்துக்கு நான் மைக் பிடிக்கணுமா?"

"இவன் திரையில தெரிஞ்சுட்டா, நீ திருட்டுக் குரல் கொடுக்கலைன்னு நிரூபணம் ஆகிடும்டி" என்றாள் விசாலாட்சி. பிலோமினா அந்தக் கணமே மைக்கைப் பிடித்தாள்.

படத்தின் பெயர் 'கிளையோரம் ஒரு கேள்விக்குறி'. கல்லூரிக் குறும்படத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. நாயகன் அலாரம் கேட்டு எழுந்திருக்கிறான். பல் தேய்க்கிறான். கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து, "நான் யார்?" என்கிறான். கடைசியில் எல்லாம் கனவு.

கேமராவைக் கல்லூரியில் பகலில் மட்டும்தான் கொடுப்பார்கள். தேவாங்குக்கோ இரவில்தான் கண் தெரியும். பகல் வெளிச்சம் பட்டால் கூசும். ஆகவே விசாலாட்சி கண்ணை இறுக்க மூடிக்கொண்டே படம் பிடித்தாள். "எனக்குக் காட்சி மனசுலயே தெரியுது" என்று அவள் சொன்னதும் மற்ற இருவருக்கும் மரியாதை கூடியது. பிலோமினாவும், காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் கவனம் சிதறக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டாள். மூவரில் கண்ணைத் திறந்திருந்தது திருமேனி மட்டும்தான். அவனிடம், கேமராவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"பயமா இருக்கு விசா."

"டேய், நடிக்காதே. நடிச்சா செயற்கையா இருக்கும். நீ அந்தக் கிளையில உக்காந்திருக்கக் கூடாது, அந்தக் கிளையாவே மாறிடணும். புரியுதா?"

திருமேனி சொன்னபடி கேட்கிற பிள்ளை.

"ஆக்‌ஷன்!"

சிறிது நேரம் கழித்து, "கட்! பிரமாதம்!" என்றாள் விசாலாட்சி, கண்ணைத் திறக்காமல்.

நடுவில் ஒரு ஈ பறந்து வந்தது. திருமேனி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டான். படத்தொகுப்பும் பகலிலேயே நடந்தது. பிலோமினா சத்தத்தைக் கேட்டு "இங்கே வெட்டு, அங்கே ஒட்டு" என்று சொல்ல, விசாலாட்சி கண்ணை மூடியபடியே வெட்டி ஒட்டினாள். தன் முகத்தைத் தானே பார்க்க வெட்கமாக இருக்கிறது என்று திருமேனி வெளியில் நின்றுகொண்டான்.

திரையிடல் நாள் வந்தது. முதல் வரிசையில் முதல்வர் சிங்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேராசிரியர். விளக்கு அணைந்ததும் விசாலாட்சி கண்ணைத் திறந்தாள். தன் படத்தை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

காலியான படுக்கை. அலாரம் அடித்தது. அது தானாக நின்றது. ஒரு பிரஷ் அந்தரத்தில் மேலும் கீழும் ஆடியது. அப்புறம் ஒரு வெறுங்கிளை. நெடுநேரம் வெறுங்கிளை. "நான் யார்?" என்று ஒரு குரல் கேட்டது. ஒரு ஈ வந்தது. சட்டென்று அந்த ஈ காணாமல் போனது.

திருமேனி கணக்குப் போட்டான். இன்னொரு வருஷம். அதே பெஞ்சு, அதே பாடம், அதே "உள்ளேன் ஐயா".

"போச்சுடா" என்றாள் பிலோமினா மெதுவாக.

ஆனால் முதல்வர் கைதட்டிவிட்டார். முதல்வர் தட்டினால் பேராசிரியரும் தட்ட வேண்டும். தட்டிக்கொண்டே மேடை ஏறினார்.

"நாயகனே இல்லாத படம்! இந்தக் காட்டில் இதுவரை யாருக்கும் வராத துணிச்சல்! அந்த ஈ யார்? அந்த ஈ நாம்தான். எங்கே போனது? அதுதான் கேள்வி. விசாலாட்சிக்கு முழு மதிப்பெண். பிலோமினாவுக்கும் முழு மதிப்பெண்."

"சார்! ஈ எங்கேயும் போகலை சார், நான்தான் சாப்பிட்டேன்!" என்று ஒரு குரல் கேட்டது. திருமேனி அதற்குள் மேடைக்கே ஓடிவிட்டிருந்தான். மேடை பழுப்பு நிறம். அவனும் பழுப்பு நிறம்.

"திருமேனியா? படத்துல இல்லாதவனுக்கு எப்படிப்பா மார்க் போடறது? வகுப்புக்கும் வரலை, படத்துக்கும் வரலை."

"வந்தேன் சார்! எல்லா நாளும் வந்தேன். தீபாவளிக்கு மறுநாள்கூட வந்தேன். யாருமே வரலை, நீங்களும் நானும்தான் இருந்தோம். அன்னிக்கு நீங்க பாடம் எடுக்கலை சார், செய்முறைதான் காட்டினீங்க. ஜன்னல் வழியா முதல்வரோட தொட்டிக்குள்ள கழுத்தை விட்டு, அந்தத் தங்கமீனை..."

பேராசிரியர் தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தார். அவர் இரண்டு காலில் நின்று யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"என்ன மீன்?" என்றார் முதல்வர், எழுந்துகொண்டே.

"படம் சார்! அடுத்த படத்தோட கதை!" என்றார் பேராசிரியர். பிறகு மேடைப் பலகையை நோக்கிக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "திருமேனி, கண்ணு, நீ ஒரு நாள் தவறாம வந்திருக்கே. நூத்துக்கு நூறு" என்றார்.

"அப்ப அந்தச் செய்முறை தேர்வுக்கு வருமா சார்?"

"வராது. அதை மறந்துடு. யார்கிட்டயாவது சொன்னியா?"

திருமேனி யோசித்தான். அவன் ஒளிவுமறைவு இல்லாதவன். "வகுப்புல எல்லாருக்கும் சொன்னேன் சார். வராதவங்களுக்குப் பாடம் விட்டுப்போகக் கூடாதில்ல?"

மறுநாளிலிருந்து அந்த வகுப்பில் எல்லாருக்கும் வருகை விழுந்தது. அது தெரிந்ததும் எல்லாரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். திருமேனி மட்டும் கொஞ்ச நாள் வந்து பார்த்தான். பிறகு அவனும் ஓடைக்கரைக் கொய்யா மரத்தில் படுத்துக்கொண்டான். அங்கே அவனுக்கு எதற்கும் பயமில்லை. யார் பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தான்.

பேராசிரியருக்கு அது தெரியாது. அவர் தினமும் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் இரண்டு காலிலும் நின்று, ஜன்னல் பக்கம் திரும்பாமல், ஒரு வரி விடாமல் பாடம் நடத்தினார்.

"திருமேனி, சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்று நடுநடுவே கேட்பார். பதில் வராது. "நல்லதுப்பா" என்று தொடர்வார்.

தொட்டியில் மீன்கள் பெருகின. மகிழ்ந்துபோன முதல்வர், அந்த ஆண்டின் சிறந்த ஆசிரியர் விருதை ஞானசிகாமணிக்கே கொடுத்தார். நீர்நாயைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் நினைவு வரவில்லை.

நீதி: ஆண்டு முழுவதும் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை, ஆசிரியர் மீன் தின்னும் அன்று போனால் போதும்.