பொட்டலமும் பழைய புளியும்

கணினியில் ஒரு எழுத்தை அழுத்துவதற்கு ராகு காலம் பார்த்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்துக்கென்று வந்து வாய்த்தார். பெயர் பொட்டலம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கலாம். எங்களில் யாரும் பார்த்ததில்லை.

மலைமேல் காவலூரில், பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகம். மலை விவசாயிகளிடம் புளியும் சாமையும் எடைபோட்டு வாங்குகிற இடங்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். அந்த மென்பொருள் செய்வதையெல்லாம் வரி வரியாகக் குறித்துவைப்பது லாகிங் லைப்ரரி என்ற துணை நிரல். அதை இணையத்திலிருந்து கொண்டுவந்து நிறுவுவது பேக்கேஜ் மேனேஜர். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் போதும்.

"பேக்கேஜுன்னா இன்னா? பொட்டலம். அத்த கட்டிக் குடுக்கறவன் மளிகைக்கடைக்காரன். அவ்ளோதான்" என்று வந்த முதல் நாளே அறிவித்தார். அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

மவுஸைத் தொடவே மாட்டார். "எலிய வுட்டா பொட்டலத்த ஓட்ட போட்டுடும்பா" என்பார். எல்லாம் கட்டளைதான். தட்டியதும், நிறுவலாமா என்று திரை கேட்கும். சம்மதம் என்றால் 'ஒய்' என்ற எழுத்தை அழுத்த வேண்டும். பொட்டலம் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார். ராகு காலம் என்றால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்து, "ரொம்ப நேரம் நிக்க வெச்சிட்டேங்க" என்று திரையிடம் சொல்லிவிட்டுத்தான் அழுத்துவார். கணினிக்கு 'ங்க', எங்களுக்கு வெறும் 'டா'.

அந்த லைப்ரரிக்கு எத்தனை புதிய பதிப்பு வந்தாலும், பழைய பதிப்பின் எண்ணைச் சேர்த்தேதான் கட்டளை தட்டுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"புளின்னு மட்டும் கேட்டா கடைக்காரன் புதுப் புளிய கட்டிக் குடுத்துடுவான். உன் வூட்டு கொழம்புக்கு பழ்ய புளிதான் ஒத்துக்கும்னா, வாயத் தொறந்து கேக்கணும்டா."

மலை அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரையும் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய, ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் கிளம்பி வந்தார். என் மனைவி இங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அலுவலகத்தை மூடினால் நான் சென்னையில், அவள் மலையில்.

அன்று பார்த்து, புதிதாகச் சேர்ந்த மகேஸ்வரி, எல்லாம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று லாகிங் லைப்ரரியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாள். வந்தது புதிய பதிப்பு. எங்கள் நிரலுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். மென்பொருள் திறக்கவே இல்லை.

பொட்டலம் நிதானமாக வந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா கேட்ட? புளியா, பழ்ய புளியா?"

"புளின்னு மட்டுந்தாண்ணா..." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி வுடு." பழைய எண்ணைச் சேர்த்துக் கட்டளை தட்டினார். நிறுவலாமா என்று திரை கேட்டது. மணி பதினொன்றரை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். வெளியே மேலாளரின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அண்ணா, அழுத்துங்கண்ணா!" என்றேன் நான்.

"ராகு காலம்டா."

"நவுருங்க, நான் அழுத்தறேன்."

"உன் தலைல எதுக்குடா அந்தப் பாவம்?" என்று என் கையைத் தட்டிவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உன் வூட்டுக்காரம்மா இந்த ஊரு ஸ்கூலுதான?"

தலையாட்டினேன்.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க" என்று திரையிடம் சொல்லி, ஒய்யை அழுத்தினார்.

மேலாளர் உள்ளே வந்தபோது மென்பொருள் சமர்த்தாகத் திறந்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தார், மதியம் சாமைச் சோறு சாப்பிட்டார், அலுவலகம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மலை இறங்கினார்.

அதன் பிறகு பொட்டலத்துக்கு எது நடந்தாலும் காரணம் ஒன்றுதான். ஸ்கூட்டர் பஞ்சரா? "அன்னிக்கி ராகு காலத்துல அழுத்துனேன் பாரு, அதான்." பல்வலியா? அதான். போளூரில் ரயிலைத் தவறவிட்டாரா? அதுவும் அதான். போன வாரம் அவருடைய போன் தண்ணீர் டிரம்மில் விழுந்தது. எடுத்து உதறிக்கொண்டே அதே வசனத்தைச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அழுத்துனதுல வருத்தமாண்ணா?"

"அட போடா. நீ இங்கதான கீற?"

புதுப் பதிப்புகள் ஆயிரம் வரட்டும். எனக்கு இந்தப் பழைய புளி போதும்.