பள்ளியில் மாட்டிக்கொண்ட லொறித் தாங்கி

கிண்ணியா.

அன்புள்ள மச்சான் ஜவாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உங்கள் கூடப்பிறந்த ராத்தா பரீனாவும் இங்கே சுகம். கட்டாரில் நீங்களும் உங்கள் மகன் முனீபும் அதுபோல் இருக்க துஆச் செய்கிறோம். சுகம் என்று எழுதியதில் என் உடம்பை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகம் சேராது. அதை வெளியே காட்ட முடியாமல்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் திருப்பிச் சொல்வீர்கள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் றுவைஸின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் வாசிக்கும் நேரம் என் போன் அணைந்திருக்கும். பழுதாகிவிட்டது என்று யோசிக்க வேண்டாம், நான்தான் அணைத்திருப்பேன்.

விஷயம் மறைந்த மாமாவின், அதாவது உங்கள் வாப்பாவின், பழைய பெட்போர்ட் லொறி பற்றியது. முனீப் மாப்பிள்ளையாகத் தோப்பூருக்குப் போகும்போது கார் வேண்டாம், மூத்தவாப்பா நெல் ஏற்றிய லொறியில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றதும், "மச்சான், டீசல் தாங்கிய மட்டும் மாத்துங்க, வேற ஒண்டிலயும் கை வெக்காதீங்க" என்று நீங்கள் சொன்னதும் ஞாபகமிருக்கும். வேறொன்றிலும் நான் கை வைக்கவில்லை. தாங்கியில் மட்டும்தான் வைத்தேன், அதுவே போதுமாக இருந்தது. கழற்றிக் குலுக்கினால் உள்ளே துரு கலகலத்தது. அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன், விரல் உள்ளே போய்விட்டது. கப்பல்துறையில் வெல்டிங் வேலை செய்யும் மூத்ததம்பி அதை அளவெடுத்துக்கொண்டார், மிச்சத்தைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். மூத்ததம்பியின் வேலையில் குறை சொல்ல ஏலாது. தகட்டை மடித்து ஒட்டி, கீழே அழுக்கு வடிக்க ஒரு பித்தளைக் குழாயும் பூட்டி, சாமான் ஆள்மாறிப் போகாமலிருக்க எல்லோருக்கும் செய்வதுபோல வெண்கட்டியால் பக்கத்தில் பெரிதாக 'ஜவாஹிர், கிண்ணியா' என்று எழுதித் தந்தார். அந்தப் பித்தளைக் குழாய் என்னுடைய யோசனை. சின்னத் திருகாணி ஒன்று போதும் என்றுதான் அவர் சொன்னார். துறைமுகக் களஞ்சியத்தில் பென்சன் வரைக்கும் பொறுப்பாளராக இருந்தவனுக்குக் குழாய் தெரியாதா என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். ஒரு ஆணியைக்கூட வழிமாறிப் போகவிடாத களஞ்சியம் அது. எடுக்கும்போது அவர், "நானா, தண்ணி நிரப்பி ஒரு நாள் வெச்சுப் பாருங்கோ. ஒட்டில தண்ணி கசிஞ்சு வேர்க்கேல்லை எண்டால் டீசல் ஊத்தலாம்" என்றார்.

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது, அதில் நிரப்பி முடிவதற்குள் முனீபுக்குப் பிள்ளையே பிறந்துவிடும். பக்கத்தில்தானே பள்ளிவாசல் என்று வியாழன் பின்னேரம் போய், கொஞ்சம் தண்ணீர் பிடிக்கவா என்று பாங்கு சொல்லும் மோதினார் அசனா லெப்பையிடம் கேட்டேன். தாராளமாக என்றார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து, கல் அடுக்கித் தாங்கியை ஏற்றி, உள்ளே சோப்புப் போட்டு அலசி, விளிம்பு வரை நிரப்பிவிட்டு, நாளைக்கு வந்து பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்தேன். மச்சான், அடுத்த நாள் வெள்ளிக்கிழமை என்பது எனக்குத் தெரியும். காலையில் நிலத்துக்கடியில் எங்கேயோ குழாய் வெடித்து ஊருக்கே தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. ஜும்ஆவுக்கு வந்த சனம் பார்த்தால் ஹவுள் தொட்டியில் அடிச் சீமெந்து தெரிகிறது. பக்கத்தில் பளபளவென்று புதுத் தாங்கி, நிறையத் தண்ணீர், பித்தளைக் குழாய், கொடுத்தவரின் பெயர். வேறென்ன நினைப்பார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

நான் வீட்டில் வாளித் தண்ணீரில் வுழூச் செய்துகொண்டு, ஒன்றும் அறியாமல் வழக்கம்போல முன்வரிசையில் போய் இருந்தேன். தொழுகை முடிந்ததும் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஊரே தவித்த நாளில் கட்டாரில் இருக்கும் சகோதரர் ஜவாஹிர் மௌத்தான தன் வாப்பாவின் பேரில் ஒரு தண்ணீர்த் தாங்கி தந்திருக்கிறார், அந்த வாப்பாவுக்காக எல்லோரும் கை ஏந்துங்கள் என்றார். நான் எழும்பியிருக்க வேண்டும். பாதி எழும்பவும் செய்தேன். அதற்குள் மாமாவோடு மூட்டை ஏற்றித் திரிந்த ஒரு கிழவர் அழுதுகொண்டு என் கையைப் பிடித்தார். 'ஜவாஹிர் கட்டாருக்குப் போய் என்ன, பள்ளிக்கு ஒரு வாளி வாங்கித் தந்தானா' என்று என் காதுபடக் கதைத்தவர்கள் எல்லாம், மன்னியுங்கள், இதை உங்களிடம் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன், அவர்களெல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். திரும்ப இருந்தேன். கை ஏந்தினேன். ஆமீன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் மாமாவுக்கு துஆக் கேட்கிறார்கள், ஒவ்வொரு வெள்ளியும் நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பரீனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாங்கிய அங்க வெச்சது பிழையில்ல. ஆமீன் சொன்னீங்களே, அதுதான் பிழை" என்றாள். அன்றிலிருந்து சோற்றை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறாள்.

ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்துவந்துவிடலாம் என்று ஒரு நாள் பகல் போனேன். தாங்கிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். யாரோ வெல்டிங்காரரைக் கூட்டிவந்து இன்னும் மூன்று குழாய் வைத்திருக்கிறார்கள். வெண்கட்டியில் இருந்த உங்கள் பெயர் இப்போது வெள்ளைப் பெயின்டில் இருக்கிறது, கீழே மாமாவின் பெயரும் இருக்கிறது. நான் நின்றதைக் கண்டு அசனா லெப்பை, "வாங்க காக்கா, வுழூச் செய்யவா" என்று கேட்டார். செய்துவிட்டு வந்தேன்.

பிறகு மூத்ததம்பியிடம் ஓடி இன்னொரு தாங்கி கேட்டேன். தகடு இல்லை என்று கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருக்குப் பின்னால் சுவரோரம் தகடு அடுக்கியிருந்தது. நானும் கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் மீன்பிடிப் படகில் வைக்கும் பிளாஸ்டிக் கான் ஒன்றை ஆசனத்துக்குப் பின்னால் கட்டி, அதிலிருந்து குழாய் இழுத்து, ஓட்டிப் பார்க்க லொறியை எடுத்தேன். கிண்ணியாப் பாலத்தின் நடுவில் கான் சரிந்து, குழாய் காற்றை இழுத்து, லொறி நின்றது. முன்னாலும் பின்னாலும் வாகனம். மாமாவின் லொறியை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள், நான் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். வழியெல்லாம் சனம் இறங்கிவந்து தள்ளியது. ஜவாஹிர்ட வாப்பாட லொறியல்லவா என்று தள்ளினார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எழும்பி, அது லொறித் தாங்கி என்றும், நீங்கள் ஒன்றும் தரவில்லை என்றும், பொய்க்கு ஆமீன் சொன்னவன் நான்தான் என்றும் எல்லோருக்கும் முன்னால் சொல்லப்போகிறேன். மூன்று ஓட்டையையும் அடைத்து, பச்சையைச் சுரண்டி, தாங்கியை லொறியில் ஏற்றுவேன். முனீப் அதில்தான் தோப்பூருக்குப் போவார். மாமாவின் பெயர் அழிந்த இடத்தில் ஊர் என்ன கதைக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்காக உங்களிடம் இப்போதே மன்னிப்புக் கேட்கிறேன். மாப்பிள்ளைக்கு என் சலாம். உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும், வழிப்பயணம் லேசாகட்டும், என்னைக் காணும்போது உங்கள் கோபம் பாதியாகட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு உங்கள் மச்சான்
அப்துல் மஜீத்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது, பாலத்தில் லொறி நின்ற கதையைக் கேட்டு இனிப் பொறுக்க ஏலாதென்று அசனா லெப்பை வீட்டுக்கு வந்தார். மற்றக் குழாய்களைப் பூட்டப் பள்ளிக்கு அழைக்கப்பட்ட வெல்டிங்காரர் மூத்ததம்பிதானாம். தான் செய்த தாங்கியைக் கண்டதுமே, இது லொறிக்குப் போக வேண்டியது என்று சொல்லிவிட்டாராம், அது பள்ளி முழுக்கப் பரவிவிட்டதாம். அப்துல் மஜீத் காக்கா தானாக வந்து சொல்லட்டும் என்று சபை தீர்மானித்து, லொறிக்கு வேறு ஒன்று செய்யச் சொல்லிவிட்டதாம். அது முடிந்து கப்பல்துறையில் இருக்கிறது, இந்த முறை வெண்கட்டியில் என் பெயராம். அப்படியானால் மாமாவுக்கு எதற்கு ஒவ்வொரு கிழமையும் துஆக் கேட்டீர்கள் என்றேன். "துஆ உங்கட மாமா ஹாஜியாருக்கு. தாங்கிக்கு இல்ல" என்றார். ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம். பள்ளித் தாங்கி அங்கேயே இருக்கட்டும், ஒரு சொட்டும் வேர்க்கவில்லை. ஆனால் மச்சான், முதல் வெள்ளிக்குப் பிறகு இத்தனை வெள்ளியும் நான் முன்வரிசையில் இருந்து சத்தமாக ஆமீன் சொன்னபோது பின்னால் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. இனி நான் எந்த வரிசையில் போய் இருப்பது?