முப்பத்துமூன்று பாத்திரங்கள்

தீவுக்கு வரவேண்டிய கப்பல் இன்னும் சென்னையில்தான் நின்றது. பத்துபஸ்தி பாலர் பள்ளிக்கான பிளாஸ்டிக் குவளைகள் அதில் இருந்தன: பெரிசு, நடு, சிறுசு. அதிகாரி நாளைக்கே வருகிறார். பிள்ளைகள் பொருள்களை அளவுப்படி அடுக்குவதைப் பார்த்த பிறகுதான் ஜெயமணி டீச்சரின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று எழுதுவார்.

பதினொரு பிள்ளைகள். வீட்டுக்கு மூன்று பாத்திரம் கொடுத்தனுப்பச் சொன்னாள். தாய்மார்கள் தயங்கினார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வருகிற தண்ணீர். அன்றைக்குப் பாத்திரம் இல்லாவிட்டால்?

நாளைக்குத் தண்ணீர் வருமா என்று வால்வு திறக்கும் ராக்கப்பனையே கேட்டுவிட்டாள்.

"கல் நஹி டீச்சர். நாளன்னைக்குத்தான்."

மறுநாள் காலை, காலிப் பாத்திரங்கள் வந்து இறங்கின. சங்கவி வீட்டுச் சிறுசு அன்பழகன் வீட்டுப் பெரிசைவிடப் பெரிசு. அன்பழகன் தன் குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

வீடுவாரியாக அடுக்குவதே வேண்டாம் என்று முப்பத்துமூன்றையும் ஒன்றாகக் கலந்தாள். பிள்ளைகள் அளவைப் பார்க்காமல் அம்மாக்கள் அடையாளத்துக்கு ஒட்டிய சீட்டின் நிறத்தைப் பார்த்து எடுத்தார்கள். சீட்டுகளையும் உரித்தாள். ஒரு கோடியில் அண்டா, மறுகோடியில் டம்ளர். வரிசை கச்சிதமாக அமைந்தது. ஜீப் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

குழாய்தான் முதலில் சத்தம் போட்டது.

தெருவே திரண்டு வந்தது. சீட்டு இல்லாததால் எது யாருடையது என்று தெரியவில்லை. தெரியாததால் எல்லோருக்கும் அண்டாதான் சொந்தமாயிருந்தது. சங்கவியின் அம்மா மல்லிகா அதன் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதை டீச்சர் பிடித்தாள்.

"அரை மணி நேரம் குடுங்கக்கா. என் வேலை போயிடும்."

"அதுக்குள்ள தண்ணி போயிடும் டீச்சர். மூணு நாளைக்கு உங்க வேலையைக் காய்ச்சிக் குடிக்கவா?"

முதலில் பெரிசு போனது, பிறகு நடு, பிறகு சிறுசு. பிள்ளைகள் செய்யவேண்டியதை அம்மாக்கள் பிசகில்லாமல் செய்து முடித்தார்கள்.

அதிகாரி நுழைந்தபோது தரையில் டம்ளர் மட்டும் இருந்தது. எது பெரிசு என்று சங்கவியிடம் இந்தியில் கேட்டார். டம்ளரைக் காட்டினாள். எது சிறுசு? அதையே காட்டினாள். ஏதோ குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜெயமணி நேரே வால்வடிக்குப் போனாள்.

"தண்ணி நாளைக்குத்தான்னு நேத்து சொன்னீங்களே அண்ணே?"

ராக்கப்பன் வால்வை மூடிக்கொண்டிருந்தார்.

"காலையிலதான் ஆர்டர் வந்துச்சு டீச்சர். சாப் உங்க ஸ்கூலைப் பார்த்துட்டுப் போற வரைக்கும் குழாய்ல தண்ணி வரணுமாம்."