ஊதாத் தண்ணீர் கேட்ட இன்ஜின்

ஜனவரி பிறந்தால் போதும், அரிசோனாப் பாலைவனத்தில் மழை வருகிறதோ இல்லையோ, வீட்டுவண்டிகள் வந்துவிடும். பேருந்து நீளத்துக்கு ஒரு டீசல் வண்டி. அதற்குள் அடுப்பு, கழிப்பறை, கட்டில், நாய். வடக்கே பனி கொட்டும் ஊர்களிலிருந்து ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் வந்து மணலில் நிறுத்திக்கொண்டு வெயில் காய்வோம். ஆமாம், நானும் அந்தக் கூட்டம்தான். பதினோரு வருஷமாக.

இந்த வருஷம் வெயிலோடு ஒரு மகானும் வந்து சேர்ந்தார். பிரதர் ஹார்லன் பிக்ஸ்பி. கையில் ஒரு சங்கிலி, அதன் நுனியில் பித்தளைக் குண்டு. அதை இன்ஜினுக்கு மேலே தொங்கவிட்டால் இன்ஜின் அவரோடு பேசுமாம். என்ன நோய், இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் தண்ணீரில் எதை ஊற்றினால் தீரும் என்று அதுவே சொல்லிவிடுமாம்.

எங்கள் ஆட்களுக்குக் கூலன்ட் என்றால் நிறம்தான். பச்சைக் கட்சி, ஆரஞ்சுக் கட்சி, சிவப்புக் கட்சி. தேர்தல் சண்டைகூட ஓய்ந்துவிடும், இது ஓயாது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவன் ஒருவன் கிடையாது. பிரதர் நாடியைச் சரியாகப் பிடித்தார். அவர் விற்ற தண்ணீர் ஊதா. எந்தக் கட்சியிலும் இல்லாத நிறம். அதிசயத்தைப் பாருங்கள், அவரிடம் பேசிய இன்ஜின்கள் அத்தனையும் ஊதாவையே கேட்டன. ஒன்றுகூட வாய் தவறிப் பச்சை என்று சொல்லவில்லை.

விடிந்தால் அவர் கூடாரத்துக்கு முன்னால் வரிசை. மடக்கு நாற்காலி, காபிக் குவளை சகிதம் காத்திருந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற பொறியாளர் இரண்டு பேர். விமானம் ஓட்டியவர் ஒருவர். நல்லவேளை, ஓய்வு பெற்றுவிட்டார்.

வெர்லீன் ஸ்டாப்பும் அந்த வரிசையில் நின்றாள். புருஷன் போன பிறகு வீட்டை விற்றுவிட்டவள். அந்த வண்டிதான் அவளுக்கு வீடு. வேறு கூரை கிடையாது. அவள் வண்டியின் கூலன்ட் தொட்டியில் ஒரு மாதமாகப் பழுப்பாக எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது.

"அது நோய் வெளியேறுது சிஸ்டர்," என்றார் பிரதர். "மிதக்க மிதக்க நல்லது."

"புதன்கிழமை கிளம்பணும் பிரதர். மலை ஏறணும். தாங்குமா?"

"தாங்குறதா? பறக்கும். இன்னும் ரெண்டு பாட்டில் ஊத்துங்க."

ஊற்றினாள். அவளுக்குப் பக்கத்து வண்டிக்காரி ஆடெல் கிரம்ப். பள்ளிப் பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷம் டீசல் இன்ஜின்களைக் கழற்றி மாட்டியவள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன் ஆயில் கூலர் போச்சுடி. இன்ஜின் எண்ணெயைத் தண்ணி குளிர வைக்கிற இடம் அது. நடுவுல இருக்குற ரப்பர் வளையம் தேஞ்சா ரெண்டும் கலந்துடும். மலையேறும்போது இன்ஜின் இறுகிப் பிடிச்சுக்கிச்சுன்னா உனக்கு வண்டி மட்டுமா போகும்? வீடே போயிடும்."

"ஊரே நம்புது. நீ ஒருத்திதான் அறிவாளியாக்கும்."

"ஊரா வந்து உன் வண்டியைத் தள்ளப் போகுது?"

வெர்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆடெலுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், காரியம் செய்வாள். நேரே கூடாரத்துக்குப் போனாள்.

முந்தின வாரம்தான் அவள் ஓடாத பழைய வண்டி ஒன்றை இழுவை லாரியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். தையல் அறை வைக்கப் போவதாகச் சொன்னாள். ஏன் ஓடாது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்தால் பிரதருக்கு இங்கே என்ன வேலை?

"என் பழைய வண்டியையும் பாருங்க பிரதர்," என்றாள். "எல்லார் முன்னாடியும் பாருங்க. குணமாச்சுன்னா நானே உங்க பாட்டிலைத் தூக்கிட்டு வண்டி வண்டியா ஏறி வித்துத் தரேன்."

பிரதருக்கு வாயெல்லாம் பல். எங்கள் வண்டிகளில் இன்ஜின் பின்னால், படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் இருக்கும். மெத்தையோடு கட்டில் பலகையைத் தூக்கினால்தான் தெரியும். அந்தச் சின்ன அறைக்குள் பதினைந்து பேர் நெருக்கியடித்து நின்றோம். மீதிப்பேர் ஜன்னலில் தொங்கினார்கள். பிரதர் மெத்தைக்கு மேல் சங்கிலியைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடினார். குண்டு ஆடியது. கூட்டம் எக்கிப் பார்த்தது.

"பாவம், ரொம்ப நாளா அழுதுக்கிட்டிருக்கு," என்றார் பிரதர்.

"எந்த இடத்துல வலிக்குதாம்?" என்றாள் ஆடெல்.

"ஆயில் கூலர்ல. மூணாவது சிலிண்டரும் கொஞ்சம் பலவீனம்."

"துடிப்பு நல்லா கேக்குதா?"

"பெத்த பிள்ளையோட துடிப்பு மாதிரி கேக்குது சிஸ்டர். ஊதா வேணும், ஊதா வேணும்னு கெஞ்சுது."

ஆடெல் குனிந்து கட்டில் பலகையைத் தூக்கினாள்.

அடியில் இன்ஜின் இல்லை. இரும்புச் சட்டங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே பெரிய ஓட்டை. ஓட்டை வழியாகப் பாலைவன மணல். மணலில் நிழலுக்குப் படுத்திருந்த ஆடெலின் நாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது.

"இன்ஜினைப் பழைய இரும்புக்காரன் ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்துட்டான்," என்றாள் ஆடெல். "மூணாவது சிலிண்டர் எங்க இருக்குன்னு அவனைத்தான் கேக்கணும்."

பிரதர் சங்கிலியைச் சுருட்டிப் பையில் போட்டார். "சில இன்ஜினோட நினைவு அங்கேயே தங்கிடும் சிஸ்டர்."

"நினைவுக்கு எத்தனை லிட்டர் ஊத்தணும்?"

விமானம் ஓட்டிய டுவைட் ஆக்கர், "நினைவு தங்கலாம் இல்லையா?" என்று என்னிடம் முணுமுணுத்தார். இப்படியும் ஒரு ஜென்மம்.

வெர்லீன் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் வண்டிக்குப் போய், தானே மெத்தையைத் தூக்கினாள். "ஆடெல், ஸ்பேனரை எடுத்துட்டு வா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கூலன்டைத் திறந்துவிட்டபோது தண்ணீர் வரவில்லை, கூழ் வந்தது. எண்ணெயும் பழைய பச்சையும் பிரதரின் ஊதாவும் சேர்ந்து உறைந்த கூழ். ஆயில் கூலரைக் கழற்றி, எண்ணெய் போகும் பக்கத்தை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீர் வாளிக்குள் முக்கினார்கள். ரப்பர் வளையம் இருந்த முனையில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. சங்கிலி வேண்டாம், குண்டு வேண்டாம், கண்ணை மூட வேண்டாம். கண்ணைத் திறந்தாலே தெரிந்தது.

குழாய்களில் ஓட்டை இல்லை. வளையங்களை மாற்றினார்கள், மறுபடி முக்கினார்கள், ஒரு குமிழி இல்லை. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை நாலு தடவை கழுவினார்கள். எந்த நிறம் ஊற்றுவது என்று கேட்க வாயெடுத்த வெர்லீன், தானே நிறுத்திக்கொண்டு வண்டியின் கையேட்டை எடுத்தாள். பதினாலு வருஷமாக உறை பிரிக்காமல் கிடந்த புத்தகம். கனரக டீசலுக்கான கூலன்ட், சிலிண்டர் சுவர் அரிக்காமல் காக்கும் மருந்து சேர்ந்தது, காய்ச்சி வடித்த தண்ணீரில் சரிபாதி என்று போட்டிருந்தது. நிறத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

"நிறம் வெறும் சாயம்டி," என்றாள் ஆடெல். "ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அவன் இஷ்டத்துக்குப் போடுறான்."

பிரதரின் கூடாரம் அன்று மத்தியானத்துக்குள் காணாமல் போனது. புதன்கிழமை வெர்லீன் கிளம்பும்போது தொட்டியில் எண்ணெய்ச் சொட்டு இல்லை. டுவைட் அவள் ஜன்னலருகே வந்து நின்றார். கையில் ஒரு ஊதா பாட்டில்.

"ஒரு டஜன் வாங்கிட்டேன். தூக்கிப் போட மனசு வரல. என் வண்டியில ஊத்திடட்டுமா?"

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு வாய் குடிச்சுப் பாப்பீங்களா?"

"ஐயோ, என்னன்னு தெரியாம எப்படிக் குடிக்கிறது?"

வெர்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் நல்லபடியாக வந்துவிட்டேன் என்று சேதி சொன்னாள். டுவைட் இன்னும் பாட்டிலும் கையுமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வாயில் போடுவதை மட்டும் மோந்து பார்த்துப் போடுகிறீர்களே ஐயா, காதில் போடுவதையும் ஒருதரம் மோந்து பார்த்தால் என்ன?