நிலக்ஷி தவறவிடாத ஐந்து வெள்ளிக்கிழமைகள்

டயகம,
12.02.2022

அன்புள்ள தங்கச்சி ஜெயந்தினிக்கு,

அண்ணன் முத்துலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் நிலக்ஷியும் சுகம். கொட்டகலையில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அம்மாள் துணை. போனில் பேசினால் தோட்டத்து லயத்தில் வரிசையாயிருக்கும் எட்டுக் காம்பரா வீட்டுக்கும் கேட்கும் என்பதால் எழுதுகிறேன்.

நீ சொல்லியனுப்பியது முந்தாநேற்று வந்தது. "அண்ணே, ஒங்க மக அஞ்சு வெள்ளி விடாம கோயிலுக்குப் போயிருக்காளாம். எம் மகன் பிரதாப்போட அவ கல்யாணத்தப் பத்திப் பெறகு பேசுவோம்." எண்ணிச் சொன்னது பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமிதான். மாதத்தில் ஒரு வெள்ளி வீட்டிலிருக்க வேண்டிய பெண் அப்படி இருக்கவில்லை என்றால் லயம் என்ன நினைக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நடந்தது இதுதான். ஜனவரி 20ஆம் திகதி அவள் மூன்றாவது கொரோனா ஊசி போட்டாள். 31ஆம் திகதி வர வேண்டியது இன்றுவரை வரவில்லை, பன்னிரண்டு நாள். உன் அண்ணி உயிரோடிருந்தால் அவள் கேட்டிருப்பாள். நான் டிஸ்பென்சரிக்குப் போய், நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்க வாய் வராமல், அவளுடையதென்று ஊசி அட்டையை மட்டும் நீட்டினேன், அது என் அட்டையாகப் போய்விட்டது, "ஒங்களுக்கு மூணாவது இன்னும் போடலயே, கையக் காட்டுங்க" என்று எனக்குக் குத்தி அனுப்பிவிட்டார். மறுநாள் நிலக்ஷியே போய் நேராகக் கேட்டாள். மிஸ்ஸி பரிசோதித்துவிட்டு, "கர்ப்பம் இல்ல மகள். ஊசிக்குப் பெறகு சிலருக்கு ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளும், கொஞ்சப் பேருக்கு ஒரு வாரத்துக்கு மேலயும் போகும். ஒண்ணு ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிரும். ஆகாட்டி திரும்ப வாங்க" என்றாராம்.

அதைச் சொல்லிவிட்டு நிலக்ஷி, "அத்தைக்கு நம்பிக்கை இல்லாட்டி எனக்கும் இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா" என்று சுவரைப் பார்த்துப் படுத்தவள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. தங்கச்சி, வேண்டுமானால் பங்குனியில் வைத்த நாளை வைகாசிக்குத் தள்ளு, நாலு பேர் வாய் அடங்கட்டும். நிறுத்திவிடாதே.

மருமகனுக்கும் சுலக்ஷனாவுக்கும் என் ஆசிகள்.

உன் அண்ணன்,
முத்துலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் உன் மகள் சுலக்ஷனா நிலக்ஷிக்குப் போன் எடுத்தாள். அவளும் அதே வாரம் ஊசி போட்டவளாம். ஒன்பது நாள் பிந்திவிட்டதாம். உனக்குச் சொல்லப் பயந்தவள், இவளைப் போலவே வெள்ளி தவறாமல் உன்னோடுதான் கோயிலுக்கு வந்துகொண்டிருக்கிறாளாம். "அம்மாகிட்ட மாமாதான் பக்குவமா சொல்லணும்" என்கிறாள். சொல்லிவிட்டேன். பிள்ளையைத் திட்டாமல் மிஸ்ஸியிடம் கூட்டிப் போ. வைகாசி என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள், பங்குனியிலேயே வை. நிலக்ஷி எழுந்து சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.