முட்டை தின்றால் ரௌடி

மலையாள மண்ணில் ஐ.டி. ஊரான கழக்கூட்டத்தின் புறவழிச்சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகள் நகராமல் நின்றால் விபத்து என்று பதறாதீர்கள். கர்ப்பகுரு ஹரிகுமார்ஜி தரிசனம் கொடுக்கிறார் என்று அர்த்தம். பேக்கரிக்கு மேல் மாடியில் அவருடைய ஆசிரமம். படிக்கட்டு முழுக்கக் கர்ப்பிணிகள். அவர்களுக்குப் பின்னால் டிபன் டப்பா தூக்கிய கணவர்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாத அறிவாளிகள். அந்த வரிசையில் முதல் அறிவாளி நான்தான். பெயர் லிங்கம். வெளிநாட்டு வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். குருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினும் நானே.

குருவின் தத்துவம் எளியது. தாய் எதைச் சாப்பிடுகிறாளோ அதுவே பிள்ளையின் குணம். சாளை மீன் தின்றால் பிள்ளை அடங்காது. முட்டை தின்றால் வாத்தியாரை அடிக்கும். முருங்கைக்கீரை தின்றால் வாய் திறந்தாலே பொய். அவர் விற்கிற சாந்தக் கஞ்சியை மட்டும் குடித்தால், பிறக்கும்போதே கைகட்டிக்கொண்டு வரும்.

இதற்குப் பரிசோதனையும் உண்டு. விஞ்ஞானம் கலக்காவிட்டால் ஐ.டி.க்காரன் ஏமாறுவானா? இறுக்கி மூடிய டப்பாவுக்கு மேல் நூலில் கட்டிய ருத்ராட்சத்தைப் பிடிப்பார். வலமாகச் சுற்றினால் தங்கமான பிள்ளை, இடமாகச் சுற்றினால் ரௌடி. மூடியைத் திறந்தால் அலைகள் ஓடிவிடுமாம். உள்ளே இருப்பது என்ன என்று மட்டும் முன்கூட்டியே வாயால் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ருத்ராட்சத்துக்கு எப்படித் தெரியும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கம் கொடுத்தவனும் நான்தான்.

என் மனைவி பொன்செல்விக்கு அப்போது ஏழு மாதம். என்னைப் போன்றவர்கள் எழுதுகிற மென்பொருளைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிப்பது அவள் வேலை. நான் இருக்கும்வரை அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. என் நச்சரிப்புத் தாங்காமல் வேறெதுவும் தொடாமல் கஞ்சியே குடித்தாள். ஒருநாள் அடுக்களையில் மயங்கி விழுந்தாள்.

டாக்டர் ராஜஸ்ரீ ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்தா லிங்கம், வைஃபுக்கு ஒண்ணும் தின்னக் கொடுக்கறதில்லையா? ரத்தம் இப்படிக் குறைஞ்சா பிரசவத்துல ரெண்டு பேருக்கும் ஆபத்து. முட்டை, மீன், கீரை எல்லாம் கொடுக்கணும். கேட்டோ?"

"இல்ல டாக்டர், குழந்தை நல்ல குணமா..." என்று இழுத்தேன்.

"ஆத்யம், முதல்ல குழந்தை நல்லபடியா பிறக்கட்டும்!"

பயந்துபோனேன். ஆனாலும் என் புத்தி என்னை விட்டு எங்கே போகும்? காரில் ஏறியதும், "குருஜிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முட்டை ஆரம்பிக்கலாமே" என்றேன்.

பொன்செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முட்டை இன்னிக்கே தின்னப் போறேன். ஆனா கேட்டுருவோம். ஞாயித்துக்கிழமை டப்பா நான் கட்டுதேன். நீங்க வாயைத் தொறக்கப்பிடாது, கேட்டீங்களா?"

ஞாயிறு வந்தது. குருவின் முன்னால் இரண்டு டப்பாக்களை வைத்தாள்.

"மோளே, என்ன கொண்டு வந்திருக்கு?"

"இதுல முட்டைத் தோரன் சாமி, தேங்கா போட்ட பொரியல். அதுல உங்க கஞ்சி."

முதல் டப்பாமேல் ருத்ராட்சம் இடமாகச் சுழன்றது. "அய்யோ! இதைத் தின்னா பையன் போலீஸ் ஸ்டேஷன்லதான் வளருவான்!" இரண்டாவதன்மேல் வலமாகச் சுழன்றது. "கண்டோ! சாந்த சொரூபம்! ஐ.ஏ.எஸ்.!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பழக்கதோஷம், நானும் போட்டுக்கொண்டேன்.

பொன்செல்வி மூடிகளைத் திறந்து கூட்டத்துக்குக் காட்டினாள். போலீஸ் ஸ்டேஷன் டப்பாவில் குருவின் கஞ்சி. ஐ.ஏ.எஸ். டப்பாவில் முட்டைத் தோரன்.

"பேரை மாத்திச் சொன்னேன் சாமி. உங்க ருத்ராட்சம் டப்பாவைப் பாக்கல்ல, என் வாயைப் பாக்குது. இன்னொரு தடவை பாப்பமா? இந்தத் தடவை பேர் சொல்ல மாட்டேன்."

குருவுக்கு வேர்த்துக் கொட்டியது. "அவிசுவாசம் உள்ள இடத்தில் ருத்ராட்சம் வேலை செய்யாது" என்று எழுந்தார்.

"இப்பம் நல்லாச் சுத்திச்சே?" என்று படிக்கட்டிலிருந்து ஒரு கர்ப்பிணி கேட்டாள். கேள்வி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது. குரு பின்பக்க ஏணி வழியாக அதைவிட வேகமாக இறங்கினார்.

எனக்குப் பக்கத்தில் டப்பாவோடு நின்ற இன்னொரு அறிவாளி அபிஜித் என் காதைக் கடித்தான். "அப்போ சேட்டா, முட்டை தின்னா ஐ.ஏ.எஸ். உறுதிதானே?" அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. கால் மணி நேரம் முன்பு வரை நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பொன்செல்வி அங்கேயே படியில் உட்கார்ந்து, தோரனை ஒரு துணுக்கு விடாமல் தின்று தீர்த்தாள். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. இன்னும் பிறக்காத பிள்ளை ரௌடியாகிவிடுமோ என்று பயந்து, அதை வயிற்றுக்குள்ளேயே பட்டினி போட்ட ரௌடி நான்தானே!

பிள்ளைக்கு மூளை வளர வேண்டுமே என்று டப்பாவோடு வரிசையில் நிற்கிற அப்பன்மார்களே, உங்களுக்கு வளர்ந்து சும்மா கிடக்கிறதே, முதலில் அதை எடுத்துப் பயன்படுத்துங்கள்!