ஆறாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை பிடிக்கப் போனேன்.

ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். தலைமையாசிரியை தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு அட்மிஷன் வரலன்னா நீங்க உபரி சார். கலவை ஊர் ஸ்கூலுக்குத் தூக்கிடுவாங்க."

கலவைக்கு மூன்று பஸ் மாற வேண்டும்!

ஷூ கம்பெனிக்கு லீவு என்பதால் தெருவே வீட்டில் இருந்தது. முதல் வீட்டில் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் ஓர் அம்மா, மடியில் நோட்டு. உள்ளே இன்னொரு பெண் டீ போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருப்பவர்தானே வீட்டுக்காரர்? ஆரம்பித்துவிட்டேன்.

"புத்தகம், சீருடை, ஷூ, எல்லாமே இலவசம்மா."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஷூவா? அத நாங்கதான் சார் தைக்கிறோம்!"

நாற்காலி அம்மா சிரிக்கவில்லை. "கணக்கு யார் எடுக்கறாங்க?"

நான்தான் என்று சொல்லக் கூச்சம். "எங்க கணக்கு வாத்தியார் தங்கமான மனுஷன்மா! சாயந்தரம் அஞ்சரை வரைக்கும் உக்காந்து சொல்லித் தருவாரு. சனிக்கிழமையும் வருவாரு."

அவர் எழுதிக்கொண்டார். இப்படி ஒரு பெற்றோரா! அந்த உற்சாகத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெட்ரிக் பள்ளியையும் வம்புக்கு இழுத்தேன்.

"அங்க ஒரே டீச்சர் மூணு பாடம் எடுக்கறாங்களாம்."

"நாலு சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அந்த டீச்சர். நானும் பிள்ளை பிடிக்கத்தான் வந்தேன்."

டீயோடு வந்தார் நிஜமான வீட்டுக்காரர் ஷபானா. "ரெண்டு பேரும் பேசி முடிச்சீங்களா? என் பையன் ஐடிஐ படிக்கிறான்."

"முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?"

"எங்க சார் சொல்ல விட்டீங்க? இந்தம்மா அர மணி நேரம், அப்பறம் நீங்க. ஒரே பேஜார்! டீ ஆறுது, குடிங்க."

குடித்தோம். வேறென்ன செய்வது?

வாசலில் செருப்பு மாட்டும்போது டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கணக்கு வாத்தியார் நெஜமாவே அப்படியா சார்?"

"ஏம்மா?"

"என் பொண்ணு ஆறாவது போறா. எங்க ஸ்கூல்ல கணக்கும் நான்தான் எடுக்கறேன். நான் படிச்சது தமிழ் இலக்கியம்." கொஞ்சம் யோசித்து, "எங்க கரஸ்பாண்டண்ட் காதுல போட்டுடாதீங்க" என்றார்.

திங்கட்கிழமை மகளோடு வந்து சேர்த்தார். நான் பிழைத்தேன். தலைமையாசிரியை பெருமையாக என்னைக் காட்டி, "இவர்தான் எங்க கணக்கு சார்" என்றார்.

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கைப்பையைத் திறந்து அந்த நோட்டை வெளியே எடுத்தார்.

இப்போது தினமும் அஞ்சரை வரை கணக்கு. சனிக்கிழமையும் உண்டு.

நேற்று விசாரித்தேன், கலவைக்கு ரெண்டே பஸ்தானாம்.